ஹோர்கன் கடையின் ஜன்னல் திரை

கில்டாரா, மேயோ மாவட்டம், அயர்லாந்து
5 பிப்ரவரி 2018

மாலக்கிக்கு,

போன வாரம் உன் பேச்சின் நடுவில் தொலைபேசியை வைத்தவள் நான்தான். கை தவறி வைக்கவில்லை. தொலைபேசியில் நீ சிரித்துச் சிரித்துப் பேசுவாய், கடைசியில் எதையும் சொல்லியிருக்க மாட்டாய். எழுத்தில் அது நடக்காது. ஆகவே இனி எழுத்துதான்.

புதன்கிழமை மத்தியானம் டப்ளினிலிருந்து இரண்டு ஆட்கள் வந்தார்கள். வெளிநாடுகளில் ஐரிஷ் பப் அமைக்கக் கவுண்டரும் அலமாரியும் செய்து கப்பலில் அனுப்புகிறவர்களாம். பிட்ஸ்பர்கிலிருந்து மாலக்கி ஹோர்கன் இந்தக் கவுண்டரைக் கேட்டார், உங்கள் கொழுந்தனார்தானே என்றார்கள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? உடனே ஒருவன் சிவப்பு விளக்குப் பொட்டு அடிக்கும் கருவியை எடுத்துக் கவுண்டரை அளக்கத் தொடங்கிவிட்டான். இன்னொருவன் அலமாரிகளையும், பெண்கள் உட்காரும் சின்ன மூலை அறையையும் படம் எடுத்தான். உன் அப்பா வைத்த இயேசுவின் திரு இருதயப் படத்தையும் எடுத்தான். அதை மட்டும் வேண்டாம் என்றேன்.

கிரீலி சகோதரர்கள் வழக்கம்போலக் கவுண்டரின் இரண்டு முனைகளிலும் நின்றுகொண்டிருந்தார்கள். நீ கிளம்பிப்போனபோது எப்படி நின்றார்களோ அப்படியேதான். அந்த ஆட்டுப்பாதைச் சண்டை இன்னும் தீரவில்லை, ஒருவரோடு ஒருவர் பேசுவதும் இல்லை.

மூத்தவன் பாட்ஜோ அளக்கிற பையனைக் கேட்டான், "எதுவரைக்கும்ப்பா அளக்குற?"

"முழு கவுண்டரையும் சார்."

"என் முழங்கை இருக்கே."

"கொஞ்சம் தூக்கினா நல்லாருக்கும்."

"முப்பது வருஷமா அது இங்கதான் இருக்கு. அதையும் சேர்த்து எழுதிக்கோ. அமெரிக்காக்காரன் கேப்பான்."

அந்தப் பக்கத்திலிருந்து என்டா, தன் அண்ணனைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "மிஸஸ், அந்த முனையில ஒருத்தன் நிக்கிறானே, அவனையும் பெட்டியில போட்டு அனுப்புவாங்களான்னு கேளுங்க" என்றான்.

"நான் போயிட்டா இவன் ஆடுங்களை யாரு திட்டுறதுன்னு அந்த முனைக்குச் சொல்லுங்க மிஸஸ்" என்றான் பாட்ஜோ.

சிரிப்பு வந்தது. அன்றைக்கு ஜெபமாலை சொல்லும்போது அழுகை வந்தது.

உன் அண்ணன் கோல்மன் இறந்து மூன்று மாதம் ஆகிறது. அடக்கத்துக்கு நீ வரவில்லை. பூக்கடை மூலம் ஒரு மலர்வளையமும், அதில் யாரோ தட்டச்சு செய்த மூன்று வரிகளும் வந்தன. அண்ணனைப் பார்க்க வராதவன், அண்ணன் சாய்ந்து நின்ற பலகையைக் கேட்கிறாய். கவுண்டர் போனால் கடை இல்லை, மாலக்கி. மது விற்கும் உரிமத்தை ஏதாவது பல்பொருள் அங்காடிக்கு விற்றுவிட்டுக் கதவைச் சாத்த வேண்டியதுதான். கில்டாராவில் வேறு பப்பும் இல்லை.

ஆனால் இதையும் எழுதிவிடுகிறேன். அந்த ஆட்கள் கிளம்பியபோது, இன்றைக்கே எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டால் நன்றாக இருக்குமே என்று எனக்குள் ஓர் எண்ணம் ஓடியது. நான் ஒரு சொட்டும் குடிக்காதவள். குடிப்பதில்லை என்ற பிரதிக்கினையின் அடையாளமாகத் திரு இருதயப் பின்னைச் சட்டையில் குத்திக்கொண்டு, இருபத்தொன்பது வருடமாக மற்றவர்களுக்கு ஊற்றிக் கொடுக்கிறேன். இப்போதெல்லாம் வியாபாரத்தில் பாதி தேநீர்தான். கடையில் யாருமில்லாத நேரத்தில் ஏன் என்று தெரியாமல் முன்னும் பின்னும் நடக்கிறேன்.

உனக்கு என்ன வேண்டும், எதற்கு வேண்டும் என்று நேராக எழுது.

அட்ராக்டா ஹோர்கன்

*

பிட்ஸ்பர்க்
20 பிப்ரவரி 2018

அண்ணி அட்ராக்டாவுக்கு,

முதலில் மன்னிப்பு. அந்த ஆட்கள் முன்கூட்டிச் சொல்லாமல் வருவார்கள் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் சம்மதித்தால் மட்டும் என்றுதான் சொல்லியிருந்தேன். என் முதலாளி ஸ்டான் வோய்ச்சிக்குப் பொறுமை கிடையாது, அவர்தான் நேராக அவர்களிடம் பேசிவிட்டார்.

நேராக எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

இந்த இடம் முன்பு டயர் கடை. ஸ்டான் அதை வாங்கிப் போன கோடையில் ஐரிஷ் பப் என்று திறந்தார். நான்தான் நடத்துகிறேன். கவுண்டர் இப்போதைக்குத் தச்சர் அடித்த ஒட்டுப்பலகை. கூரை உயரத்துக்கு ஆறு டிவி திரைகள், எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு பந்து உருண்டுகொண்டிருக்கும். சுவரில் பச்சை நிறம் எங்கே தீர்ந்தது, எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியாது. ஸ்டான் சொல்கிறார்: "உன் அப்பாவோட கவுண்டர் வந்தா உனக்கு இதுல பங்கு, மாடியில வீடு. வரலன்னா டப்ளின்காரன்கிட்ட புதுசா பழசு மாதிரி ஒண்ணு செஞ்சு வாங்கிக்கிறேன். அதுக்கு ஹோர்கன் எதுக்கு? எவன் வேணும்னாலும் நடத்தலாம்."

அவர் கெட்டவர் இல்லை. அவருடைய அப்பா போலந்திலிருந்து வந்து எஃகு ஆலையில் வேலை செய்தவர். சொன்னதைச் செய்வார். அதுதான் பயம்.

ஆனால் பங்குக்காக மட்டும் நான் கேட்கவில்லை. இங்கே ஆட்கள் வருகிறார்கள், வாசலில் நிற்கும் பெண் மெனு அட்டையோடு அழைத்துக்கொண்டு போய் மேசையில் உட்கார வைக்கிறாள். தங்களுக்குள் பேசுகிறார்கள், சாப்பிடுகிறார்கள், போகிறார்கள். பக்கத்து மேசைக்காரன் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. ஆறு மாதமாக வருகிற ஒருவனிடம் நான் பேச்சுக் கொடுத்தேன். சாப்பாட்டில் ஏதோ குறை என்று நான் விசாரிப்பதாக நினைத்து, "எல்லாம் நல்லாருக்கு, தேங்க்ஸ்" என்றான். நாற்காலிகளை இடம் மாற்றிப் பார்த்தேன். விளக்கைக் குறைத்தேன், கூட்டினேன். தினமும் எதையாவது மாற்றுகிறேன். அந்த மரம் வந்தால், அதில் முழங்கை வைக்கும் குழிகள் இருக்கின்றனவே, அவை வந்தால், ஒருவேளை இவர்களும் நிற்பார்களோ என்று.

உங்களுக்கும் அது ஓய்வாக இருக்கும் அண்ணி. நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அடக்கத்தைப் பற்றி: எனக்குக் காரணம் இருந்தது. அதை விட்டுவிடுங்கள்.

மாலக்கி

*

கில்டாரா
2 ஏப்ரல் 2018, உயிர்ப்பு (ஈஸ்டர்) திங்கள்

மாலக்கிக்கு,

உன் கடிதத்துக்குத் தவக்காலத்தில் பதில் எழுத வேண்டாம் என்று வைத்திருந்தேன். கோபத்தோடு எழுதி, பிறகு பாவசங்கீர்த்தனத்தில் குருவானவரிடம் போய்ச் சொல்ல வேண்டியிருக்கும். இப்போது தவக்காலம் முடிந்தது.

இந்த வருடம் சட்டத்தை மாற்றிவிட்டார்கள். பெரிய வெள்ளியன்றும் பப் திறக்கலாமாம். நாடு முழுக்கத் திறந்தார்கள். நான் திறக்கவில்லை. பாட்ஜோ பின்வாசல் வழியாக வந்து, "சட்டம் சரின்னுதானே சொல்லுது மிஸஸ்?" என்றான்.

"சட்டத்துக்காகவா இத்தனை வருஷம் மூடி வச்சிருந்தோம்?" என்றேன்.

"அப்போ ஒரு தேநீராவது கொடுங்க."

அடுப்பங்கரையில் உட்கார்ந்து குடித்துவிட்டுப் போனான். கொஞ்ச நேரத்தில் என்டா வந்தான், அதே கேள்வி, அதே தேநீர். அண்ணன் உட்கார்ந்த நாற்காலி இன்னும் சூடாக இருந்தது. அவன் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வேறு நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அதை விட்டுவிடுங்கள்" என்று எழுதியிருக்கிறாய். நான் விட்டுவிட்டதாக நினைத்தேன். அந்த வரியைப் படித்த பிறகு விடவில்லை என்று தெரிகிறது. ஆகவே கேள்.

சவ ஊர்வலம் தெருவில் போகும்போது நம் ஊரில் என்ன செய்வோம் என்று உனக்கு மறந்திருக்காது. ஊற்றுவதை நிறுத்துவோம். விளக்கை அணைப்போம். ஜன்னல் திரையை இறக்கிக் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் வெளியே வந்து நிற்போம். ஊர்வலம் கடந்த பிறகுதான் பாதிக் கோப்பையில் விட்டதைத் தொடுவோம். யார் சவமானாலும் அப்படித்தான். உன் அப்பாவுக்குச் சண்டைக்காரனாக இருந்த தரகனுக்குக்கூட உன் அப்பா திரையை இறக்கினார். அதை நான் பார்த்தேன்.

கோல்மனின் சவவண்டி கோவிலிலிருந்து இறங்கி வந்தது. நான் பின்னால் காரில் இருந்தேன். மருந்துக்கடை மூடியிருந்தது. தபால் அலுவலகம் மூடியிருந்தது. எதிர்வீட்டு ஜன்னல்களில்கூடத் திரை விழுந்திருந்தது. வழக்கப்படி நம் கடை வாசலில் வண்டி ஒரு நிமிடம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். நம் ஜன்னலில் மட்டும் திரை மேலே சுருண்டிருந்தது. உள்ளே பீர் விளம்பர விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. ஏதோ சந்தை நாள்போல.

சாவியைப் பாட்ஜோவிடம் கொடுத்திருந்தேன். பூசை முடிவதற்கு முன்பே வந்து அவன் உள்ளே, திரைக் கயிற்றின் பக்கத்தில்தான் நின்றிருந்தான். பிறகு கேட்டேன், ஏன் இழுக்கவில்லை என்று. தொப்பியைக் கையில் திருகிக்கொண்டு சொன்னான்: "அது ஹோர்கன் கை இழுக்க வேண்டியது மிஸஸ். அந்த வீட்டுச் சாவுக்கு நான் எப்படி இழுக்கிறது? மாலக்கி ஏர்போர்ட்ல இறங்கி நேரா வந்துருவான்னு எல்லாரும் சொன்னாங்க. கடைசி வரைக்கும் ரோட்டையே பாத்துட்டு நின்னேன்."

ஊரே உனக்காக விட்டுவைத்திருந்தது. அப்படித்தான் உன் அண்ணன் தன் சொந்தக் கடையை, விளக்கு எரிய, கடந்து போனார்.

ஆகவே கவுண்டரை எடுத்துக்கொள். அலமாரிகளையும் அந்த மூலை அறையையும் எடுத்துக்கொள். தன் ஆளுக்கே திரை இறக்காத கடைக்குக் கவுண்டர் எதற்கு? மே மாதம் ஊர்ப் பிள்ளைகளின் புதுநன்மை விழா முடியட்டும், அதன் பிறகு உன் ஆட்களை அனுப்பு.

அட்ராக்டா

*

பிட்ஸ்பர்க்
19 ஏப்ரல் 2018

அண்ணி,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். கேட்டுக்கொள்கிறேன்.

எனக்குக் காகிதம் இல்லை. 96-ல் மூன்று மாத விசாவில் வந்தேன், தங்கிவிட்டேன். எனக்குக் கிரீன் கார்டு வந்துவிட்டது என்று உங்களுக்கெல்லாம் எழுதியது பொய். இந்த நாட்டை விட்டு வெளியே காலை வைத்தால் பத்து வருடம் திரும்ப வர முடியாது. அம்மாவின் அடக்கத்துக்கும் அதனால்தான் வரவில்லை. விடுமுறை கிடைக்கவில்லை என்று சொன்னேன். ஸ்டானுக்குத் தெரியும். அதனால்தான் அவர் சொல்வதற்கெல்லாம் நான் தலையாட்டுகிறேன்.

அண்ணனுடைய திருப்பலியைப் பார்த்தேன். கோவிலில் வைத்திருக்கிறார்களே ஒரு கேமரா, நடக்க முடியாதவர்கள் வீட்டிலிருந்து பூசை பார்ப்பதற்காக. இங்கே அப்போது விடியவில்லை. அடுப்பங்கரையில் கோட் சூட் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். எதற்குக் கோட் என்று கேட்காதீர்கள். உங்கள் பின்தலை தெரிந்தது. பழுப்புத் தொப்பி. பாட்ஜோ இருமினான், அது பாட்ஜோ என்று இருமலிலேயே தெரிந்தது. பிறகு பெட்டியைத் தூக்கினார்கள். அந்தக் கேமரா பீடத்தை மட்டும்தான் பார்க்கும், அண்ணி. பெட்டி திரும்பியது, நாலு அடி நடந்தார்கள், படச் சட்டத்தை விட்டு வெளியே போய்விட்டது. அவ்வளவுதான். காலடிச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம். பிறகு கோவில்பிள்ளை வந்து மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாக அணைத்தார். வெறும் பீடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், யாராவது கேமராவைத் திருப்புவார்கள் என்பதுபோல.

கதவுக்கு அப்பால் என்ன நடந்தது என்று யாரிடமும் கேட்கத் துணிச்சல் வரவில்லை. இப்போது நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

கவுண்டரை எடுத்துக்கொள் என்கிறீர்கள். ஸ்டானிடம் சொன்னேன். தோளில் தட்டினார், கப்பலுக்குப் பேசிவிட்டார். நான் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் ஆட்கள் எந்தத் தேதியில் வரலாம் என்று அவர் கேட்கும்போதெல்லாம் வேறு பேச்சை எடுத்துவிடுகிறேன். வீட்டில் உட்கார முடியவில்லை. ஆற்றங்கரை ஓரமாகப் பாலம் பாலமாக நடந்துவிட்டு வருகிறேன்.

மாலக்கி

*

கில்டாரா
14 மே 2018

அன்புள்ள மாலக்கி,

அடுப்பில் போட்டேன். எரிந்து முடியும்வரை பக்கத்தில் நின்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டு ஒரு பக்கம் எழுதி அதையும் அடுப்பில் போட்டேன். "நான் சொல்லியிருந்தாலும் நீங்கள் என்ன செய்திருக்க முடியும்?" என்று நீ கேட்பாய். ஜெபித்திருப்பேன். உன்னைத் திட்டிய நேரத்தை அதற்குச் செலவழித்திருப்பேன்.

கோல்மனுக்குத் தெரியும், இல்லையா? இப்போது யோசிக்கிறேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நான், "உங்க தம்பிக்கு நாம வேணாம், பெரிய மனுசன் ஆயிட்டான்" என்பேன். அவர் கோப்பையைத் துடைத்துக்கொண்டே, "முடிஞ்சா வருவான்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. தம்பிக்குப் பரிந்து பேசுகிறார் என்று அதற்கும் சண்டை போட்டிருக்கிறேன். அவருக்காகத் திருப்பலிக்குக் காணிக்கை கொடுத்திருக்கிறேன். உன் பெயரையும் சேர்க்கச் சொன்னேன், காரணம் சொல்லவில்லை.

கவுண்டர் போகிறது என்று போன சனிக்கிழமை கடையில் சொன்னேன். பாட்ஜோதான் முதலில், "அப்போ நான் எங்க நின்னு இவன்கூடப் பேசாம இருக்கிறது?" என்றான்.

மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

என்டா அந்த முனையிலிருந்து, "வீட்ல பேசாம இருக்கலாம்னு அவன்கிட்ட சொல்லுங்க" என்றான்.

"வீட்ல பேசாம இருந்தா அது யாருக்குத் தெரியும்னு கேளுங்க மிஸஸ். இவன் செத்துக் கிடந்தாலும் தெரியாது. இங்கன்னா வரலேன்னாவது தெரியும்."

என்டா தன் கோப்பையைக் கவுண்டர் மேல் கொஞ்சம் நகர்த்தி வைத்தான், அவ்வளவுதான். எந்தப் பக்கம் நகர்த்தினான் என்று நான் சொன்னால் நீ நம்ப மாட்டாய்.

நான் கொடுத்த வாக்கை மாற்றவில்லை. உனக்கு அங்கே ஒரு நிழல் வேண்டும், அது இந்த மரத்தால் கிடைக்கும் என்றால் அனுப்புகிறேன். ஆனால் உண்மையிலேயே வேண்டுமா என்று நீ ஒரு முறை சொல்ல வேண்டும். உன் முதலாளிக்கு வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் குருவானவர் கேட்கிற மாதிரிக் கேட்கிறேன். பதில் வரும்வரை எதையும் கழற்ற விடமாட்டேன்.

ஜெபத்தோடு,
அட்ராக்டா

*

பிட்ஸ்பர்க்
3 ஜூலை 2018

அன்புள்ள அண்ணி,

பதில் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது. நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

ஜூன் கடைசிக்கு முந்தைய சனிக்கிழமை. மத்தியானம், கூட்டம் நிறைய, ஆறு திரையிலும் பேஸ்பால். நான் கறுப்பு பீர் ஊற்றிப் பாதியில் நுரை அடங்க வைத்திருக்கிறேன். ஜன்னல் வழியே பார்த்தால், மேலே மலைச்சரிவில் இருக்கும் போலந்துக்காரர்கள் கோவிலிலிருந்து ஒரு சவ ஊர்வலம் இறங்கி வருகிறது. முன்னால் வண்டி, பின்னால் விளக்கு எரியும் கார்கள், பானெட்டில் சின்னக் கொடிகள். இந்தத் தெரு வழியாக அவர்கள் வந்து நான் பார்த்ததில்லை. வேறு சாலையை வெட்டிப்போட்டிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

நான் யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். துணியைத் தோளில் போட்டேன். மெயின் சுவிட்சை இறக்கினேன். ஆறு திரையும் செத்தன. "எல்லாரும் எழுந்திரிங்க, வெளிய வாங்க" என்றேன். தீ விபத்து என்று நினைத்து எழுந்துவிட்டார்கள். வாசலுக்கு ஓடி மேலே பார்த்தேன். இறக்குவதற்கு ஜன்னல் திரை எங்கே இருக்கிறது? ஜன்னலுக்கு மேல் டயர் கடைக்காரன் விட்டுப்போன இரும்பு ஷட்டர்தான். கொக்கியைப் போட்டு இழுத்தேன். அதன் சத்தம் பிணத்தையே எழுப்பியிருக்கும். பாதியில் மாட்டிக்கொண்டது. அப்படியே விட்டுவிட்டேன்.

வெளியே நாற்பது பேர் நடைபாதையில் நிற்கிறார்கள், கையில் கோழிச் சிறகு வறுவலோடு. மெனு அட்டைப் பெண் என்னைக் கேட்கிறாள், "மாலக்கி, யாரு அவங்க? உனக்குத் தெரிஞ்சவங்களா?"

"தெரியாது."

"பின்ன எதுக்கு நிக்கிறோம்?"

"அவங்க போறாங்க. அதுக்குத்தான்."

பேஸ்பால் தொப்பி போட்ட ஒருத்தன் முதலில் தொப்பியை எடுத்தான். பிறகு மற்றவர்கள். ஆறு மாதமாக வருகிறான் என்று எழுதினேனே, அவன்தான் அந்தத் தொப்பிக்காரன். வண்டி கடந்தது. பின் காரில் ஒரு வயதான ஆள் கண்ணாடி வழியே எங்களைப் பார்த்தார். முகத்தைத் திருப்பி, கார் போன பிறகும் பார்த்துக்கொண்டே போனார்.

உள்ளே வந்ததும் யாரும் தங்கள் மேசைக்குப் போகவில்லை, அண்ணி. எல்லாரும் கவுண்டர் பக்கம் வந்து நின்றார்கள். ஒட்டுப்பலகைக் கவுண்டர்தான். அந்தத் தொப்பிக்காரன் பக்கத்தில் இருந்தவரிடம், "எங்க அப்பாவை அந்தக் கோவில்லருந்துதான் எடுத்தோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். மெயின் சுவிட்சைப் போட எனக்கு மறந்தே போயிற்று. யாரும் போடச் சொல்லவும் இல்லை.

ஸ்டான் சாயங்காலம் வந்து கோபத்தில் ஆடிவிட்டார். "சனிக்கிழமை மத்தியானம் கடையை இருட்டாக்கி, பில்லு கட்டாதவனையெல்லாம் தெருவுல நிறுத்தினியாமே? உனக்கென்ன பைத்தியமா? செத்தது உன் சொந்தக்காரனா?" அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே அந்த வயதானவர் உள்ளே வந்தார், இரண்டு மகன்களோடு, கறுப்புச் சூட்டோடு. மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்திருக்கிறார். மேசை வேண்டாம் என்றார். நின்றார். ஸ்டானிடம் போலந்து மொழியில் ஏதோ கேட்டார். ஸ்டான் தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் அப்பாவின் பெயரைச் சொன்னார். இருவரும் வெகுநேரம் பேசினார்கள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

உண்மையிலேயே வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். எதையும் கழற்றாதீர்கள். பாட்ஜோவும் என்டாவும் நிற்கட்டும்.

ஸ்டானிடம் சொல்லிவிட்டேன். அவர் டப்ளின்காரர்களிடம் புதுக் கவுண்டர் சொல்லிவிட்டார், பழசாகத் தெரிய அதைச் சங்கிலியால் அடிப்பார்களாம். பங்கும் மாடி வீடும் போயிற்று. வேறு மேனேஜரைப் போடப்போகிறார். ஆனால் கவுண்டருக்குப் பின்னால் என்னை இருக்கச் சொன்னார். "ஷட்டரை மட்டும் ரிப்பேர் பண்ணிடு, அசிங்கமா பாதியில நிக்குது" என்றார். எண்ணெய் போட்டு ஓடும்படி செய்துவிட்டேன்.

மாலக்கி

*

கில்டாரா
22 அக்டோபர் 2018

அன்புள்ள மாலக்கி,

உரிமத்தைப் புதுப்பித்துவிட்டேன். டப்ளின் ஆட்களுக்கும் எழுதிவிட்டேன். நான் இன்னும் கடைக்குள் நடந்துகொண்டுதான் இருக்கிறேன், ஆனால் இப்போது எங்கே போகிறேன் என்று தெரிந்து நடக்கிறேன். மூலை அறையில் கூரை ஒழுகுகிறது, என்டா வந்து பார்க்கிறான். ஏணியைப் பிடிப்பவன் பாட்ஜோ. இருவரும் என் வழியாகத்தான் பேசிக்கொள்கிறார்கள்: "ஏணி ஆடுதுன்னு சொல்லுங்க மிஸஸ்." "ஏணி ஆடல, மேல நிக்கிறவன் ஆடுறான்னு சொல்லுங்க." நான் அடுப்பங்கரையில் இருந்தாலும் கூப்பிட்டுச் சொல்லச் சொல்கிறார்கள்.

நவம்பர் ஒன்பது, வெள்ளிக்கிழமை, கோல்மனுக்கு வருட நினைவுத் திருப்பலி. காலைப் பூசை. அது முடிந்து எல்லாரும் கோவிலிலிருந்து நடந்து கல்லறைக்குப் போகிறோம், கடை வழியாக. ஃபாதரிடம் கேட்டேன், வண்டியும் பெட்டியும் இல்லாத ஊர்வலத்துக்குத் திரை இறக்கலாமா என்று. "அதுக்கு ஒரு விதியும் கிடையாது அட்ராக்டா, உங்க கடை, உங்க ஜன்னல்" என்றார்.

பாட்ஜோ சாவி கேட்டான். இந்த முறை நானே இழுத்துவிடுகிறேன் என்றான். போன வருடம் செய்யாதது அவனைக் குடைந்துகொண்டிருக்கிறது.

"வேண்டாம். ஹோர்கன் கைதான் இழுக்கணும்னு நீதானே சொன்ன?"

"மாலக்கிதான் வர மாட்டானே மிஸஸ்."

"என் பேர் என்ன, பாட்ஜோ?"

சாவிக்கு நீட்டிய கையை அவன் இழுத்துக்கொண்டான். இருபத்தொன்பது வருடமாக நான் ஹோர்கன். போன வருடம் அந்தக் காரில் உட்கார்ந்திருந்தபோது இறங்கிப் போய் இழுத்திருக்கலாம். எட்டு அடி தூரம். ஊருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. உன்மேல் கோபப்படுவதற்குத்தான் தோன்றியது. இந்த முறை நான் எல்லாருக்கும் முன்னால் நடந்து போய்த் திரையை இறக்கிவிட்டு, வாசலில் நிற்பேன்.

நீ கேமராவில் பூசையைப் பார்ப்பாய் என்று தெரியும். எல்லாரும் எழுந்து படச் சட்டத்தை விட்டு வெளியே போகும்போது, வெறும் பீடத்தைப் பார்த்துக்கொண்டு உட்காராதே. எழுந்து போய் உன் ஷட்டரை இறக்கு. நாங்கள் அந்த நேரத்தில் கடைப்பக்கம் வந்துகொண்டிருப்போம்.

ஜெபத்தோடு,
அட்ராக்டா

*

பிட்ஸ்பர்க்
9 நவம்பர் 2018

அன்புள்ள அண்ணி,

கடையிலேயே பார்த்தேன். நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்திருந்தன. சங்கிலியால் அடித்த அந்தப் புதுக் கவுண்டரில் தொலைபேசியைச் சாய்த்து வைத்திருந்தேன். நீங்கள் முதலில் எழுந்து வெளியே போனீர்கள், வேகமாக. மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். பாட்ஜோவும் என்டாவும் ஒரே பெஞ்சிலிருந்து எழுந்தார்கள் என்று நினைக்கிறேன். நடுவில் ஓர் ஆள் இடம் இருந்தது.

படச் சட்டத்தில் யாரும் இல்லாதபோது நான் எழுந்தேன்.

தரை துடைக்கும் ரெயினா மட்டும்தான் அப்போது இருந்தாள். ஹோண்டுராஸ்காரி. வெளியே இன்னும் இருட்டு, தெருவில் ஒருவரும் இல்லை. நான் ஷட்டரை இறக்கி, வாசலுக்கு வெளியே போய் நின்றேன். அவளும் வெளியே வந்து எட்டிப் பார்த்தாள்.

"யாரு போறாங்க?"

"என் அண்ணன்."

இரண்டு பக்கமும் பார்த்தாள். "எப்போ செத்தார்?"

"போன வருஷம். அங்க, ஊர்ல."

மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, என் பக்கத்தில் வந்து நின்று சிலுவை போட்டாள். இருவரும் வெறும் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நீங்கள் எல்லாரும் கடையைத் தாண்டியிருப்பீர்கள் என்று தோன்றிய பிறகு, ஷட்டரைத் தூக்கக் குனிந்தேன்.

"கொஞ்சம் இருங்க" என்றாள்.

நிமிர்ந்து பார்த்தேன்.

"எங்க அம்மாவும் போனாங்க. நாலு வருஷம் ஆச்சு."

கையை எடுத்துவிட்டேன், அண்ணி. மறுபடியும் நிமிர்ந்து நின்றேன்.

மாலக்கி